அப்பாவின் இன்பாக்ஸில் ரெட்டைத் தபால்

முதல் புகார் மைசூரிலிருந்து வந்தது. ஜாதகம் அனுப்பியிருந்த பிள்ளை வீட்டு மாமி அப்பாவுக்குப் போன் பண்ணியிருந்தார். ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது அப்பாவின் வழக்கம் என்பதால் மாடிப்படியில் வரும்போதே எனக்குக் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதேள் மாமா. ஒரு மெயிலுக்கு ரெண்டு பதில் போட்டிருக்கேள். ரெண்டாவதுல தாமதத்துக்கு மன்னிப்பு வேற கேட்டிருக்கேள். நாங்க அனுப்பிக் கால்மணி கூட ஆகலையே. பொண்ணுக்கு ஏதாவது அவசரமா?"

"பொண்ணுக்கு ஒரு அவசரமும் இல்ல" என்று சொல்லி அப்பா போனை வைத்தார். பொண்ணு அப்போது துவாக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தாறு.

"இந்த மெஷின்ல எல்லாம் ரெண்டு ரெண்டா வரதுடி. என்னன்னு பாரேன்" என்றார். மைசூர் மாமி சந்தேகப்பட்டுவிட்டார் என்பதில் அவருக்கு முகம் சிறுத்துப்போயிருந்தது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால், முதல் மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் ஒரே பெண். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா பொன்மலையில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போனில் வருவது பேச்சு, கம்ப்யூட்டரில் வருவது தபால் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதனால் போனில் மெயில் பார்க்கவே மாட்டார். ஹாலை ஒட்டிய சின்ன அறையில் பழைய டெஸ்க்டாப். அதில் ஒரு மெயில் புரோகிராம். காலையில் திருவாராதனம் முடிந்து, நெற்றியில் திருமண் ஈரம் காய்வதற்குள் அதன் முன்னால் போய் உட்கார்ந்து, தபாலை வாங்கும் பட்டனை அமுக்குவார். மத்தியானம் ஒரு தரம், விளக்கேற்றுவதற்கு முன் ஒரு தரம். ஆபீஸ் போய்விட்டது, தபால் வேளை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அவர் ஏன் இரண்டு பதில் போட்டார் என்று கேட்டால் அதற்கும் ஆபீஸ்தான் காரணம். ஒரே கடிதம் அதே வாசகத்தோடு மறுபடி வந்தால், அவர் பிரிவில் அதற்குப் பெயர் ரிமைண்டர். முதல் கடிதத்துக்குப் பதில் போகவில்லை, எதிராளி கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். ரிமைண்டர் வந்த கடிதத்துக்கு முதலில் மன்னிப்பு, பிறகு விஷயம், கடைசியில் "துரித நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுத வேண்டும். அப்படியே எழுதியிருந்தார். என் கல்யாணம் துரித நடவடிக்கையில் இருக்கிறது என்று மைசூர், மாம்பலம், கும்பகோணம் மூன்று ஊர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவித்திருந்தார். அந்தப் பதில்களைப் படித்தபோது சிரிப்பதா, தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

"அப்பா, ஒரே நிமிஷத்துல ரெண்டும் வந்திருக்கு பாருங்கோ. ரிமைண்டர் எங்கேர்ந்து வரும்?"

"எனக்கென்னடி தெரியும். இப்பல்லாம் யாருக்கும் பொறுமை கிடையாது" என்றார்.

அது திங்கட்கிழமை. அந்த வாரம் என் கைப்பையில் இருந்த போனில் இன்னொரு தபால் இருந்தது. புனேயில் ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்திருந்தது. துவாக்குடியில் நான் பார்ப்பது பாய்லர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஆவணப் பிரிவு. பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே நெடுஞ்சாலை. புனேக்காரர்கள் இரண்டு மாதமாகப் பேசி, மூன்று சுற்று நேர்காணல் நடத்தி, கடைசியில் கடிதம் அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இதில் ஒரு வார்த்தைகூட அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்றால் என்ன சொல்வது? எழுபத்து மூன்று வயது மனிதரைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் ஆரம்பிப்பது? நேர்காணல்களைக்கூட மதிய இடைவேளையில் தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டே பேசி முடித்தேன். தினம் சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பாலம் முடிவதற்குள் அந்தத் தைரியமும் முடிந்துவிடும். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவில் நான். தினமும் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாலும் எங்கும் போகாதவள் போலத்தான் இருந்தது.

இந்த ரெட்டைத் தபால் விவகாரம் எனக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. இதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, அவர் மனசு குளிர்ந்திருக்கும்போது சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். சாக்கு கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். முதலில், வந்த மெயிலின் பிரதி சர்வரிலேயே தங்கிவிடுவதால் புரோகிராம் அதையே திரும்ப இறக்குகிறதோ என்று பார்த்தேன். அப்பாவின் கணக்கை மட்டும் திறந்ததில் அதற்கான டிக் ஒன்று இருந்தது. எடுத்தேன். இரட்டையாக இருந்தவற்றில் ஒவ்வொன்றாக நாற்பது மெயிலை அழித்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அத அழிக்காதே, அது உத்திராடம். இது ரேவதி, இத வெச்சுக்கோ" என்று நட்சத்திரவாரியாக மேற்பார்வை செய்தார். எந்த நட்சத்திரமானால் எனக்கென்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் என் ஆபீஸ் முகவரியிலிருந்து அவருக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். ஒன்றுதான் வந்தது. "சரியாயிடுத்து" என்று எழுந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ரசம் சாதம் சாப்பிட்டோம். சொல்லவில்லை.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால், "மறுபடியும் ரெண்டு வந்திருக்கு" என்றார். சேலத்திலிருந்து ஒரு ஜாதகம், ரெட்டையாக வந்து உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலம் இன்பாக்ஸைப் பழுதுபார்க்கும் பட்டன் ஒன்றைக் கண்டுபிடித்து அமுக்கினேன். வியாழக்கிழமை, மெயிலைத் தானாக நகலெடுக்கும் விதி ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. வைரஸ் தடுக்கும் மென்பொருளை நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சோதனை மெயில் சமர்த்தாக ஒன்றே ஒன்றுதான் வரும். மறுநாள் ஜாதகம் இரண்டாக வரும். நான் உள்ளே போட்ட கதவெல்லாம் எனக்குத்தான் சாத்திக்கொண்டது. ஜாதகத்துக்கு வழி எப்போதும் திறந்தே இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், "நீ இதையெல்லாம் படிச்சவதானே?" என்று அப்பா கேட்டபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை லீவு போட்டேன். காலையில் காபி குடித்துவிட்டு, அப்பா வாழைத்தண்டு நறுக்க சமையலறைக்குப் போனதும் தனியாக அந்த அறையில் உட்கார்ந்தேன். பதறாமல் யோசித்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. எது ரெட்டையாக வருகிறது, எது ஒற்றையாக வருகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். பென்ஷன் சம்பந்தப்பட்டது, ஒற்றை. கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு, ஒற்றை. அப்பாவின் பழைய சிநேகிதர்கள் அனுப்பும் சிரிப்பு வராத சிரிப்புத் துணுக்குகள், ஒற்றை. ஜாதகம் மட்டும் ரெட்டை. வாரம் பூராவும் மெஷினைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். மெஷின் ஆள் பார்த்துத்தான் ரெட்டிக்கிறது என்று ஏனோ பார்க்கவில்லை.

ஜாதகங்கள் எல்லாம் ஒரு கல்யாண இணையதளம் வழியாக வருபவை. அதில் பதியும்போது பெற்றோர் முகவரி ஒன்று, பெண்ணின் முகவரி ஒன்று கேட்டார்கள். அப்பா இரண்டையும் கொடுத்திருந்தார். எனக்கு வருகிறவற்றை நான் போனில் திறப்பதேயில்லை, அப்படியே விட்டுவிடுவேன். ஆக ஒவ்வொரு ஜாதகமும் எங்கள் இருவர் பேருக்கும் போகிறது. சரி, என் பேருக்குப் போவது என்னிடம்தானே வர வேண்டும்?

சேலத்து மெயிலின் இரண்டு பிரதிகளையும் திறந்து, மெயிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முழு விவரத்தையும் விரித்தேன். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடியது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். மேலே ஒரே ஒரு வரி மட்டும் வேறு: யாருடைய பெட்டியில் சேர்க்கப்பட்டது என்ற வரி. முதல் பிரதியில் அப்பாவின் முகவரி. இரண்டாவதில் என்னுடையது.

கணக்குகளின் முழுப் பட்டியலுக்குப் போனேன். அப்பாவின் கணக்குக்குக் கீழே என் கணக்கு இருந்தது. பார்த்த மாத்திரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. போட்டவள் நானேதான். கொரோனா ஊரடங்கின்போது என் லாப்டாப் படுத்துவிட்டது. ரிப்பேர் கடையெல்லாம் மூடியிருந்தது. இரண்டு மாதம் அப்பாவின் மெஷினில்தான் என் வேலையெல்லாம் பார்த்தேன். இரண்டு இன்பாக்ஸ் எதற்கு என்று, எல்லாத் தபாலும் ஒரே பெட்டியில் விழட்டும் என்ற இடத்தில் டிக் போட்டேன். அப்படிப் போட்டால் இரண்டாவது கணக்கு பக்கவாட்டில் தனியாகத் தெரியாது. லாப்டாப் சரியானதும் எழுந்து போனேன். கணக்கை எடுக்கவில்லை. பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டவள், கட்டிக்கொண்டதையும் மறந்து இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அரை நிமிஷம் கூட இல்லை. என் மெயிலெல்லாம் இங்கே வருகிறதென்றால் அவையெல்லாம் எங்கே? இன்பாக்ஸில் இல்லை. பக்கவாட்டில் அப்பா போட்டு வைத்திருந்த ஃபோல்டர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பென்ஷன், மின்சாரம், மருந்து, கோயில், நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு. அதற்கும் கீழே, நான் என்றும் போய்ப் பார்க்காத இடத்தில், "குழந்தை தபால்".

திறந்தேன். வருஷவாரியாக, மாதவாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தார். திறக்காதது ஒன்றுகூட இல்லை.

புனேக் கம்பெனியின் முதல் மெயில் இருந்தது. நேர்காணல் நேரங்கள் மூன்றும் இருந்தன. வேலைக் கடிதம் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் சிநேகிதியின் மெயில்களும் இருந்தன. அவள் எழுதியது நாலே வரிதான். ஆனால் பதில் மெயிலில் கீழே நாம் எழுதியதும் சேர்ந்தே வருமே. அவள் வரிகளுக்குக் கீழே என் வரிகள் இருந்தன. போன வருஷம் ஒருநாள் மத்தியானம் எழுதியது: இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது. அப்பா இருக்கிறவரை எனக்கு விடுதலை கிடையாது. இப்படி நினைக்கிறேனே என்று என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதையாக, ஸ்டோர் ரூமில் நின்று கிசுகிசுத்ததையெல்லாம் நினைத்தேன். வெட்கம் முதலில் வந்தது. அது தாங்காமல் கோபமாக மாறிக்கொண்டது. சமையலறைக்குப் போனேன்.

அப்பா தரையில் உட்கார்ந்து வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் மெயிலெல்லாம் உங்களுக்கு வந்துண்டிருக்காப்பா?"

"வரது."

"எத்தன நாளா?"

"அந்த லாப்டாப் கெட்டுப்போனப்ப போட்டியே. அப்பலேர்ந்து."

"அடுத்தவா தபாலப் பிரிக்கலாமா? வேலை பாத்த நாள் பூரா தபாலத்தானே பாத்தேள்?"

அவர் நாரை விரலிலிருந்து உருவி மோர்க் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார். "பிரிக்கப்படாது. தெரியும். மொதல்ல எனக்கு வந்ததுன்னு நெனச்சுப் பிரிச்சேன். அப்புறம், நீயாத்தானே போட்டு வெச்சிருக்கேன்னு பிரிச்சேன். வாயால சொல்ல முடியாதத நீ இப்படிச் சொல்றேன்னு நெனச்சுண்டேன். அதுக்கும் அப்புறம், உன் பேச்சக் கேக்காம இருக்க முடியல, அதனால பிரிச்சேன்."

"கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பிள்ளை வீட்டாரிடம் யாரும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்போம். பிறகு பேசாமல் இருந்துவிடுவோம். அவர்களும் புரிந்துகொள்வார்கள். அப்படியே பழகி, எங்களுக்குள்ளும் பேசாமல் இருப்பதையே பேச்சாக நடத்திவந்திருக்கிறோம்.

"மூச்சு முட்டறதுன்னு எழுதியிருந்தே" என்றார் வாழைத்தண்டைப் பார்த்துக்கொண்டே. "அதப் படிச்சப்புறம்தான் அந்த சைட்ல பதிஞ்சேன். பொண்ணு இந்த ஆத்த விட்டுப் போகணும்னா எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். வர தபாலுக்கெல்லாம் உடனே உடனே பதில் போட்டேன். நான் தாமதம் பண்ணி ஒண்ணு தட்டிப்போயிடப்படாதுன்னு."

துரித நடவடிக்கை எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைக் கட்டிப்போட வருகிற கயிறு என்று ஒவ்வொரு ஜாதகத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னை அவிழ்த்துவிடத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புனே விஷயம் தெரிஞ்சும் ஏன் விடாம பாத்துண்டிருந்தேள்?"

"நீ அவாளுக்கு இன்னும் பதில் போடலையே. வேண்டாம்னு இருக்கியோன்னு நெனச்சேன். எனக்காக வேண்டாம்னு இருந்துடுவியோன்னு பயமாவும் இருந்தது."

அழுதேன். அவர் எழுந்து வந்து தலையைத் தடவுகிற ஆள் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"காரணம் தெரிஞ்சுதா, ரெண்டா வரதுக்கு?" என்றார்.

"தெரிஞ்சுது. என் கணக்க உங்க மெஷின்லேர்ந்து எடுத்துட்டா நின்னுடும்."

"எடுத்துடு."

"எடுத்தா என் மெயில் ஒண்ணும் உங்களுக்கு வராது."

"தெரியறது. எடுத்துடு" என்றார்.

இருவரும் அறைக்கு வந்தோம். கணக்கை நீக்கு என்பதை அமுக்கினேன். நிச்சயமாகவா என்று புரோகிராம் கேட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கினேன். அவர் அடுக்கி வைத்திருந்த ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதை அவரே என்னிடமிருந்து மௌஸை வாங்கி, மெதுவாகத் தேடிப் பிடித்து, அழித்தார்.

பிறகு தபால் வாங்கும் பட்டனை அமுக்கினோம். புதிதாக ஒரு ஜாதகம், ஒற்றையாக வந்தது. அப்பா அதைத் திறக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். எனக்காகத்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இனி நான் வாய் திறந்தால்தான் உண்டு. தெரிந்த விஷயத்தை, தெரிந்தவரிடம், முதல் தடவை சொல்வது போலச் சொல்வது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"அப்பா, எனக்குப் புனேல வேலை கெடச்சிருக்கு."

"அப்படியா?" என்றார். "எப்போ சேரணும்?"

சொன்னேன். அங்கே குளிருமா, தங்க இடம் யார் பார்த்துக் கொடுப்பார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு மேல் அந்தக் கடிதத்திலேயே இருந்தவை. ஒன்றையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "அத நீ போய்ச் சேந்தப்புறம் பாப்போம்" என்றார். அது பதில் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கவும் இல்லை. வேறு பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டது. வழி திறந்திருந்தது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எழுந்து போகவே மனம் வரவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள அவாளுக்குப் பதில் போடணும்ப்பா."

"போடு. இங்கயே உக்காந்து போடு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே போனவர் அறைக் கதவைத் தன் கையாலேயே சாத்தினார். அந்த வீட்டில் நான் உள்ளே இருக்கும்போது அவர் அப்படிச் சாத்தியதே கிடையாது. வருகிறேன் என்று எழுத எனக்கு ஒருமணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் கதவைத் தட்டவே இல்லை.